பதினான்கு நொடி: ஒரு துணிப்பொம்மை அனிமேஷனின் நிகழ்வு ஆய்வு

முக்காலியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு துணிப்பொம்மையின் கையிலிருந்து பந்து நழுவி விழுகிறது. பொம்மை அதைப் பிடிக்கக் கை நீட்டுகிறது, தவறவிடுகிறது, பிறகு தானும் குதித்து இறங்கி நான்கு அடி நடந்து பந்தைக் குனிந்து எடுக்கிறது. கணினியில் நான் உருவாக்கிய முப்பரிமாண அனிமேஷனின் கதை இவ்வளவுதான். நொடிக்கு 24 ஃபிரேம் (தனிப் படம்) என்ற கணக்கில் 14 நொடிக்கு 336 ஃபிரேம். தொழில்முறைப் பயிற்சி எதுவும் இல்லாத நான், மாலை வேளைகளில் மட்டும் உழைத்து இதை ஒன்பது மாதங்களில் முடித்தேன். முடித்து ஓடவிட்டபோது, எங்கோ சரியில்லை என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது. என்ன சரியில்லை என்று சொல்லத் தெரியவில்லை. அதைக் கண்டறிந்து திருத்துவதற்கு மேலும் இரண்டரை மாதங்கள் ஆயின. அந்த இரண்டரை மாதங்களில் கண்டதையே இங்கே பதிவு செய்கிறேன்.

கண்டவற்றில் முதன்மையானதை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த வேலையில் தவறு தென்படும் கட்டம் ஒன்றாகவும் அது பிறந்த கட்டம் வேறொன்றாகவும் இருக்கிறது. சுவரில் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் கூரையில் ஓட்டை இருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா? அதுபோலவே, அசைவில் தெரிந்த குறைகளை அசைவிலும், தோலில் தெரிந்த குறைகளைத் தோலிலும் திருத்த முயன்றுதான் என் நேரத்தின் பெரும்பகுதி வீணாயிற்று.

பின்னணியும் குறிப்பேடும்

வேலை முழுவதும் பிளெண்டர் மென்பொருளில் நடந்தது. 1990களில் நெதர்லாந்தில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தின் சொந்தப் பயன்பாட்டுக்காக உருவான இந்த மென்பொருள், பின்னர் அதை வளர்த்துவந்த நிறுவனம் நொடித்துப்போனபோது, 2002இல் ஆர்வலர்கள் ஏழு வாரங்களில் திரட்டிய 1,00,000 யூரோவைக் கொண்டு கட்டற்ற மென்பொருளாக விடுவிக்கப்பட்டது. பொழுதுபோக்காகக் கற்பவருக்கு இதனால் கிடைக்கும் நன்மை பணம் மிச்சமாவதோடு முடிவதில்லை. காலக்கெடு தீர்ந்ததும் திறக்க மறுக்கும் சோதனைப் பதிப்பின் அவசரம் தலைக்கு மேல் இல்லாததால், ஒரே பிழையின் பின்னால் மூன்று வாரம் அலைந்து திரிய முடிகிறது. இந்த ஆய்வுக்கே அதுதான் அடிப்படை.

முதல் நாளிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். தேதி, செய்த வேலை எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது, எத்தனை நிமிடம், அன்று என்ன மாறியது என்ற நான்கு மட்டுமே அதில் இருந்தன. ஒன்பது மாத முடிவில் கூட்டிப் பார்த்தபோது மொத்தம் 212 மணி நேரம் வந்தது: உருவத்தைச் செதுக்கும் மாடலிங்குக்கு 38, அதற்குள் எலும்புக்கூட்டைப் பொருத்தும் ரிக்கிங்குக்கும் தோலை அந்த எலும்புகளோடு பிணைக்கும் வெயிட் பெயின்ட்டுக்கும் 61, அசைவுக்கு 74, ஒளியமைப்புக்கும் இறுதிப் படங்களைக் கணித்தெடுக்கும் ரெண்டருக்கும் 27, கோப்புகளைச் சீர்செய்வது போன்ற உதிரி வேலைகளுக்கு 12. இவற்றில் பின்னர் அழித்துவிட்ட வேலைக்குச் சென்ற நேரத்தைத் தனியே குறித்துக் கூட்டியபோது 83 மணி என்று வந்தது. அந்த எண்தான் என்னை ஆய்வுக்குத் தள்ளியது. கற்பவர் செய்வதில் ஒரு பகுதி வீணாவது இயல்பு. ஆனால் அழித்த வேலையின் பெரும்பகுதி ரிக்கிங்கிலும் அசைவிலும் குவிந்திருக்க, மாடலிங்கில் ஏறத்தாழ எதையுமே அழிக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. அனுபவமே இல்லாமல் செய்த முதல் கட்டம் பிழையின்றி அமைந்திருக்க வழியில்லை. அங்கே நான் பிழைகளைச் செய்யாமல் இல்லை, பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இதற்கு முன் ஓராண்டு காலம் நாற்காலி, விளக்கு, சிறிய அறை, துள்ளும் பந்து எனக் காணொளிப் பாடங்களைப் பின்பற்றிப் பத்துப் பன்னிரண்டு பயிற்சிகளை முடித்திருந்தேன். அவை கொடுத்த பழக்கம் பெரிது. விசைப்பலகையில் விரல்கள் தாமாகவே நகரும் அளவுக்குக் கை பழகியிருந்தது. ஆனால் பாடம் நடத்துபவர் தன் காட்சியின் அளவை, மெஷ்ஷின் (உருவத்தின் பரப்பை ஆக்கும் வலையின்) அடர்த்தியை, சுழற்சியின் வரிசையைப் பாடம் தொடங்குமுன்பே சரியாகத் தேர்ந்து வைத்துவிடுகிறார். பெரும்பாலும் அதைச் சொல்வதுகூட இல்லை, ஏனென்றால் அவருக்கு அது முடிவாகவே தோன்றுவதில்லை. பின்பற்றுபவருக்கு அந்த முடிவுகள் கண்ணில் படாமலேயே கடந்து போகின்றன. சொந்தமாக ஒன்றைத் தொடங்கும் நாளில்தான் அவையெல்லாம் வெற்றிடங்களாக எதிரே வந்து நிற்கின்றன. அன்றும் அவை வெற்றிடங்கள் என்று தெரிவதில்லை.

முழங்கை

முதலில் கண்ணை உறுத்தியது முழங்கை. பந்தை எடுக்கப் பொம்மை கையை மடக்கும்போது, முழங்கை தோட்டக் குழாயை மடித்ததுபோலச் சப்பையாகிப் போனது. மெஷ்ஷின் ஒவ்வொரு வெர்டெக்ஸும் (மூலைப்புள்ளியும்) எந்த எலும்புக்கு எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்பதைத் தூரிகையால் தீட்டிச் சொல்லும் வெயிட் பெயின்ட்டில்தான் கோளாறு என்று எண்ணினேன். குறிப்பேட்டின்படி 19 மாலைகள் அதற்குச் சென்றன. மேற்கைக்குக் கொஞ்சம் கூட்டுவேன், முன்கைக்குக் குறைப்பேன். ஒரு கோணத்தில் சரியாகும், வேறொரு கோணத்தில் கெடும்.

மறுஆய்வின்போது பொம்மையை ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் உருளை ஒன்றையும் இரண்டு எலும்புகளையும் எடுத்துக்கொண்டேன். மடங்கும் இடத்தில் ஒரே ஒரு எட்ஜ் லூப் (சுற்றிவரும் விளிம்பு வளையம்) உள்ள உருளை, மூன்று லூப் உள்ளது, ஐந்து லூப் உள்ளது என மூன்றை வரிசையாக வைத்து, மூன்றையும் ஒரே அளவு மடக்கினேன். விடை ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. ஒரே லூப் உள்ள உருளையில் எவ்வளவு தீட்டினாலும் பயனில்லை. அங்கே எடை பகிர்ந்துகொள்ள வெர்டெக்ஸ்களே இல்லை. ஒற்றை வளையம் இரு எலும்புகளுக்கும் நடுவே பாதிப்பாதியாகத் தொங்குகிறது.

அந்தப் பாதிப்பாதிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வழக்கமான முறையில் மென்பொருள், முதல் எலும்பு சொல்லும் இடத்தையும் இரண்டாம் எலும்பு சொல்லும் இடத்தையும் நேர்கோட்டில் சராசரி எடுத்து வெர்டெக்ஸை அங்கே வைக்கிறது. ஒரு வட்டத்தின் மேல் உள்ள இரு புள்ளிகளுக்கு நேர்கோட்டுச் சராசரி எடுத்தால், அது வட்டத்துக்கு உள்ளேதான் விழும். இரு எலும்புகளுக்கும் சம எடை இருக்கும்போது, மடங்கும் தளத்தில் வளையத்தின் தடிமன், மடங்கும் கோணத்தில் பாதியின் கோசைன் மதிப்புக்குச் சுருங்குகிறது. 90 பாகை மடக்கினால் மிஞ்சுவது சுமார் 71 சதவீதம். 120 பாகையில் சரிபாதி. மடக்குவதற்குப் பதில் முறுக்கினால் நிலைமை இன்னும் மோசம்: 180 பாகை முறுக்கலில் வளையம் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும், மிட்டாய்த் தாளின் முறுக்கிய முனை போல. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதி பெரிது. 19 மாலைகள் நான் எதிர்த்துப் போராடியது என் கைத்திறன் குறைவை என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு கோசைன்.

தீர்வு மெஷ்ஷில் இருந்தது. முழங்கையில் மூன்று எட்ஜ் லூப் வைத்து, நடு லூப்புக்கு மட்டும் பாதிப்பாதி எடையும், இரு புறத்து லூப்களுக்கு அந்தந்தப் பக்கத்து எலும்பின் எடையைக் கூடுதலாகவும் கொடுத்தேன். பருமனைக் காக்கும் வேறொரு கணக்கீட்டு முறைக்கு மாற்றும் அமைப்பும் மென்பொருளில் உண்டு. அதைப் போட்டபோது சப்பையாவது நின்று, முழங்கை வெளிப்புறமாகக் கொஞ்சம் புடைத்தது. பஞ்சு அடைத்த துணிக்கைக்கு அந்தப் புடைப்பு பொருத்தமாகவே இருந்ததால் வைத்துக்கொண்டேன். இரு கைகளுக்கும் சேர்த்து இந்த மாற்றத்துக்குச் சென்றவை மூன்று மாலைகள்.

அக்குளில் இருந்த கருநிழலும் இதே இனத்தைச் சேர்ந்தது. அங்கே ஏழு எட்ஜ்கள் ஒரே வெர்டெக்ஸில் கூடியிருந்தன. மெஷ்ஷை வழவழப்பாக்க நான் பயன்படுத்தியது 1978இல் எட்வின் கேட்மல், ஜிம் கிளார்க் இருவரும் வெளியிட்ட உட்பிரிப்பு முறை. அது ஒவ்வொரு நாற்கரத்தையும் நான்காகப் பிரித்துக்கொண்டே போகும். 1,800 ஃபேஸ் (நாற்கரத் துண்டு) கொண்ட பொம்மை இரண்டாம் நிலையில் 28,800 ஃபேஸ் ஆகிறது. எத்தனை முறை பிரித்தாலும் ஏழு எட்ஜ் கூடும் இடத்தில் தொடர்ந்து ஏழு எட்ஜ்தான் கூடும், அந்த முடிச்சு அவிழாது. நான் அந்த நிழலைத் துணியின் நெசவுப் படத்தால் மறைத்து வைத்திருந்தேன். ஒளியமைப்புக்கு வந்தபோது, பக்கவாட்டு விளக்கில் அது காயத் தழும்பாகத் தெரிந்தது. முடிச்சை மார்பின் தட்டையான பகுதிக்கு நகர்த்தி, ஐந்து ஐந்தாக இரண்டு முடிச்சுகளாகப் பிரித்ததும் மறைந்தது.

நிலவில் குதித்த பொம்மை

இந்த ஆய்வில் நான் அதிகம் கற்றது குதிப்பிலிருந்துதான். முக்காலியிலிருந்து பொம்மை இறங்கும்போது அதற்கு எடையே இல்லாததுபோல இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, மிதக்கிறது என்றார்கள். தாமதமாக விழுகிறது என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண் நேரத்தை அளப்பதில்லை, எடையை உணர்கிறது.

இதற்கும் நான் முதலில் செய்தது அசைவைத் திருத்துவதுதான். கைகளை மேலே வீசவைத்தேன், தலையைப் பின்னால் இழுத்தேன், தரையில் பட்டதும் உடலை அமுக்கினேன். மிதப்பு குறையவில்லை. அலங்காரம் கூடிய மிதப்பாக ஆயிற்று.

பிறகுதான் எண்களை எடுத்தேன். முக்காலி 45 சென்டிமீட்டர் உயரம் என்று மனத்தில் வைத்திருந்தேன். புவியீர்ப்பில் 45 சென்டிமீட்டர் விழுவதற்கு ஏறத்தாழ 0.30 நொடி ஆகும். 24 ஃபிரேம் கணக்கில் 7.3 ஃபிரேம். நான் கொடுத்திருந்தது 18 ஃபிரேம், அதாவது முக்கால் நொடி. முக்கால் நொடியில் 45 சென்டிமீட்டர் மட்டுமே விழ வேண்டுமானால் ஈர்ப்பு முடுக்கம் 1.6 ஆக இருக்க வேண்டும். நிலவின் மேற்பரப்பில் அது 1.62. பார்த்தவர்களின் கண் எவ்வளவு துல்லியமானது என்று வியந்தேன். பொம்மை நிஜமாகவே நிலவில்தான் குதித்துக்கொண்டிருந்தது.

ஆனால் 18 என்ற எண் எனக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிக் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். விழும் பந்தை நான் கையால் அசைக்கவில்லை; மென்பொருளின் இயற்பியல் கணிப்பே அதை விழச் செய்தது. அந்தப் பந்து முக்காலி உயரத்திலிருந்து தரையைத் தொட 23 ஃபிரேம் எடுத்துக்கொண்டிருந்தது. இயற்பியல் கணித்ததாயிற்றே, அது தவறாக இருக்காது என்று நம்பி, பொம்மை அதைவிடச் சற்று விரைவாக இறங்கட்டும் என 18 ஃபிரேம் கொடுத்திருக்கிறேன்.

பந்துக்கு ஏன் 23? காரணம் முதல் நாளின் முதல் பக்கத்தில் இருந்தது. புதுக் கோப்பைத் திறந்ததும் நடுவில் நிற்கும் கனசதுரத்திலிருந்து பொம்மையின் தலையைச் செதுக்கத் தொடங்கியிருந்தேன். அந்தக் கனசதுரத்தின் பக்கம் 2 மீட்டர். அறுபது சென்டிமீட்டர் பொம்மைக்குத் தலை இருபது சென்டிமீட்டர் இருந்தால் போதும். என் பொம்மையின் தலை இரண்டு மீட்டர், உடல் ஆறு மீட்டர், முக்காலி நாலரை மீட்டர். எல்லாமே பத்து மடங்கு பெரிதாக இருந்ததால் திரையில் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. இயற்பியல் கணிப்புக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. நாலரை மீட்டரிலிருந்து விழும் பந்துக்கு அது சரியாகவே 23 ஃபிரேம் கொடுத்தது. உயரம் பத்து மடங்கானால் விழும் நேரம் பத்தின் வர்க்கமூலம், அதாவது 3.16 மடங்கு ஆகும், 7.3ஐ அதனால் பெருக்கினால் 23 வந்துவிடும். ஒன்பதாம் மாதத்தில் எல்லோர் கண்ணிலும் பட்ட மிதப்பு, முதல் மாலையின் முதல் ஐந்து நிமிடத்தில் பிறந்தது.

விரைவான ஒட்டு வேலை ஒன்றையும் முயன்று பார்த்தேன். காட்சியின் ஈர்ப்பு மதிப்பை 9.8 என்பதிலிருந்து 98 ஆக்கினேன். பந்து சரியாக விழுந்தது. ஆனால் கண்ணால் பார்த்து வைத்த பொம்மையின் அசைவு பழையபடியே இருந்தது. தோலில் ஒளி ஊடுருவும் ஆழம் போன்ற, மீட்டர் கணக்கை நம்பியிருக்கும் மற்ற அமைப்புகளும் திருந்தவில்லை. எனவே பொம்மையையும் முக்காலியையும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, அந்த அளவை நிலைப்படுத்தினேன். எலும்புக்கூட்டின் அளவை இவ்வாறு நிலைப்படுத்தும்போது, ஏற்கெனவே வைத்த இடப்பெயர்ச்சிக் கீஃபிரேம்கள் (நிலையை நானே குறித்து வைத்த ஃபிரேம்கள்) உடன் சுருங்குவதில்லை. பொம்மை திரைக்கு வெளியே பறந்து போயிற்று. அதனால் அசைவை முதலிலிருந்து செய்ய முடிவெடுத்தேன். அந்த முடிவை எடுப்பதற்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று, ஏனென்றால் 74 மணி நேரத்தைக் கைவிடுவது எளிதாக இல்லை.

மீண்டும் செய்யும்போது, 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நானே இறங்கி, கைபேசியில் பதிவு செய்து பார்த்தேன். நொடிக்கு 30 ஃபிரேம் பதிவில், கால் முக்காலியை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை 9 ஃபிரேம், கணக்கோடு ஒத்துப்போயிற்று. அதைவிட முக்கியமான ஒன்றும் அந்தப் பதிவில் இருந்தது. காற்றில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. குதிக்குமுன் உடல் முன்னால் சாய்ந்து முழங்கால் மடங்கும் நேரமும், தரையில் பட்டபின் உடல் தாழ்ந்து எழும் நேரமும் அதைவிட அதிகம். என் பழைய அசைவில் தயாராவதற்கு 5 ஃபிரேம், காற்றில் 18, அடங்குவதற்கு 5. புதியதில் தயாராவதற்கு 11, காற்றில் 8, அடங்குவதற்கு 9. இரண்டுக்கும் கூட்டுத்தொகை 28தான். நீளம் ஒரு ஃபிரேம்கூடக் கூடவோ குறையவோ இல்லை. பொம்மைக்கு எடை வந்துவிட்டது. கையால் வரைந்த அனிமேஷனின் பழைய கலைஞர்கள் முன்தயாரிப்பு என்ற நெறியை ஏன் அவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பது எனக்கு அன்றுதான் உடம்பில் ஏறியது.

வளைவையும் சொல்ல வேண்டும். இரண்டு கீஃபிரேம்களுக்கு இடையில் மென்பொருள் தானாகப் போடும் வளைவு, மெதுவாகத் தொடங்கி, நடுவில் விரைந்து, மெதுவாக முடியும். கை அசைவுக்கு அது அழகு. விழும் பொருளுக்கு அது பொய். விழும் பொருள் அடுத்தடுத்த சம நேரங்களில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் கூடும் என்பது கலிலியோ காட்டியது. இந்தக் காட்சியில் முதல் ஃபிரேமில் 0.85 சென்டிமீட்டர், அடுத்ததில் 2.55, அதற்கடுத்து 4.25 என்று அது கூடிக்கொண்டே போக வேண்டும். தரையைத் தொடும் கணத்தில் பொம்மையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் இருக்க வேண்டும்; தானியங்கி வளைவில் அந்தக் கணத்தில் வேகம் சுழியம். இந்த வளைவுகளைத் திருத்தும் கிராஃப் எடிட்டரில் தரையைத் தொடும் கீஃபிரேமின் கைப்பிடியை உடைத்து, வளைவு செங்குத்தாக வந்து முட்டும்படி வைத்தேன். இந்த ஒரே மாற்றத்தின் பலனைத் தனியே பார்க்க விரும்பி, பழைய 18 ஃபிரேம் பதிப்பிலும் அதைச் செய்து பார்த்தேன்; அங்கேயும் மிதப்பு பாதியாகக் குறைந்தது.

மணிக்கட்டு

61ஆம் ஃபிரேமிலிருந்து 70 வரை, நழுவும் பந்தைப் பிடிக்கப் பொம்மை உள்ளங்கையைத் திருப்பும்போது, மணிக்கட்டு ஒரு முறை விருட்டென்று சுழன்று திரும்பியது. கீஃபிரேம் உள்ள இரண்டு இடங்களிலும் கை சரியாக இருந்தது; இடையில்தான் கோளாறு. இடையில் புதிய கீஃபிரேம்களைத் திணித்து அடக்கப் பார்த்தேன். ஆறு திணித்தபின் சுழற்சி நின்று நடுக்கம் வந்தது.

மூன்று அச்சுகளில் அடுத்தடுத்துச் சுழற்றி ஒரு திசையைக் குறிக்கும் ஆய்லர் முறையில், நடுவில் வரும் அச்சின் கோணம் 90 பாகையை நெருங்கினால் மற்ற இரண்டு அச்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. மூன்று திசைகளில் ஒன்று காணாமல் போகிறது. எலும்புகளுக்கு மென்பொருள் தானாகத் தருவது நான்கு எண்களால் ஆன குவாட்டர்னியன் முறை. 1843இல் ஹாமில்டன் கண்டறிந்து, 1985இல் கென் ஷூமேக் கணினி அனிமேஷனுக்குள் கொண்டுவந்த அந்த முறையில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதன் நான்கு வளைவுகளைப் பார்த்து எது எந்தத் திருப்பம் என்று படிக்க முடியாததால், ரிக்கிங் செய்த நாளில் நானே கை எலும்புகளை ஆய்லர் முறைக்கு மாற்றியிருந்தேன். வரிசையைப் பற்றி யோசிக்கவே இல்லை. உள்ளங்கையைத் திருப்பும் அச்சு நடுவில் சிக்கிக்கொண்டது. மிகக் குறைவாகச் சுழலும் அச்சு நடுவில் வரும்படி வரிசையை மாற்றிவிட்டு, திணித்த ஆறு கீஃபிரேம்களையும் நீக்கினேன். இரண்டு கீஃபிரேம்களே போதுமானவையாக இருந்தன.

கால்களும் ரெண்டரும்

நடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அடிக்கு 12 ஃபிரேமாக நான்கு அடி. ஊன்றிய கால் இரண்டு இடங்களில் சில சென்டிமீட்டர் வழுக்கியது. ஊன்றும்போதும் எடுக்கும்போதும் கீஃபிரேமின் மதிப்பு ஒன்றாகவே இருந்தாலும், வளைவின் கைப்பிடி சாய்ந்திருந்ததால் இடையில் வளைவு புடைத்திருந்தது; தட்டையாக்கியதும் நின்றது. முழங்கால் வெடுக்கென்று நிமிர்ந்ததற்குக் காரணம் இன்னும் பின்னால் இருந்தது: காலை முற்றிலும் நேராக மாடல் செய்து, எலும்பையும் அப்படியே வைத்திருந்தேன். பாதத்தை நகர்த்தினால் முழங்கால் தானே மடங்கும் ஏற்பாட்டில், எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்று எலும்புக்குத் தெரிய, இயல்பு நிலையிலேயே ஒரு சிறு மடிப்பு வேண்டும்.

ரெண்டரில் நேர்ந்த இழப்பு கோப்பு வகையால் வந்தது. ஃபிரேமுக்கு 6 நிமிடம் வீதம் 336 ஃபிரேமுக்கு 33 மணி 36 நிமிடம். நேரடியாக வீடியோ கோப்பாகச் சேமிக்கச் சொல்லியிருந்தேன்; இரண்டாம் இரவில் கணினி அணைந்துபோக, பாதியில் நின்ற கோப்பைத் திறக்கவே முடியவில்லை. அதன்பின் ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகச் சேமிக்கிறேன். எங்கே நின்றாலும் அங்கிருந்து தொடரலாம், கெட்ட ஃபிரேமை மட்டும் திரும்பச் செய்யலாம். படத்தில் தெரிந்த புள்ளிப் பொரிவைக் குறைக்க, மாதிரி எண்ணிக்கையை (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணிக்கும் தடவைகளை) கூட்டிக்கொண்டே போனதும் தவறான வழி; பொரிவைப் பாதியாக்க மாதிரிகளை நான்கு மடங்காக்க வேண்டும், நேரமும் நான்கு மடங்காகும். பொரிவுக்கு மூலம், நான் வைத்திருந்த மிகச் சிறிய, மிகப் பிரகாசமான ஒரு விளக்கின் ஒளி முக்காலியின் பளபளப்பில் பட்டுச் சிதறியது. விளக்கின் பரப்பைப் பெரிதாக்கி, 512 மாதிரியை 128 ஆகக் குறைத்து, பொரிவு நீக்கியைச் சேர்த்தபோது ஃபிரேமுக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆயிற்று.

மறுவேலையும் மிச்சமும்

இரண்டரை மாத மறுவேலைக்கு ஆன நேரம் 64 மணி. அசைவு முழுவதையும் புதிதாகச் செய்ததும் அதில் அடக்கம். மென்பொருளைப் பற்றி இந்த இடைவெளியில் நான் புதிதாக அறிந்தது அதிகமில்லை. மாறியது நான் வேலையைச் சோதிக்கும் முறை. இப்போது மாடலை முடித்ததாக எண்ணுவதற்கு முன்பே, இரண்டு மூன்று தற்காலிக எலும்புகளைச் செருகி, கை கால்களை எல்லைவரை மடக்கிப் பார்க்கிறேன். காட்சி தொடங்கும் முதல் மாலையில், ஒரு பந்தை முக்காலி உயரத்திலிருந்து விழவிட்டு ஃபிரேம்களை எண்ணுகிறேன். சாம்பல் நிறப் பொம்மையை வைத்து, முக்கியத் தோரணைகளை மட்டும் இடைவளைவு இல்லாமல் நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு, நேரம் சரியாகும் வரை அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை. குறை ஒன்று தென்பட்டால், அதைக் கையால் அடக்குவதற்கு முன், அந்த ஒன்றை மட்டும் வெறும் உருளையிலோ பந்திலோ மீண்டும் உண்டாக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். உண்டாக்க முடிந்தால் மூலம் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

இந்த ஆய்வுக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரே ஆள், ஒரே பொம்மை, ஒரே காட்சி. முகபாவனையோ பேச்சோ உள்ள வேலையில் தவறுகளின் போக்கு வேறாக இருக்கக்கூடும். துணிப்பொம்மைக்குத் தசை இல்லை, அதனால் தோள்பட்டையில் நான் தப்பித்துக்கொண்டதை மனித உருவில் தப்பிக்க முடியாது என்பது உறுதி.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. 146ஆம் ஃபிரேமிலிருந்து 160 வரை, குதித்து நின்ற பொம்மை முதல் அடி எடுத்து வைக்கும்போது, யாரோ முன்னாலிருந்து இழுத்ததுபோல நகர்கிறது. இடுப்பின் வளைவை இரண்டு மாலைகள் திருத்திப் பார்த்தேன், சரியாகவில்லை. மூன்றாம் மாலை தோரணைகளை மட்டும் நிறுத்தி ஓடவிட்டபோது, தூக்கும் காலின் எடை ஊன்றிய காலுக்கு மாறும் தோரணையே அந்த வரிசையில் இல்லை என்பது தெரிந்தது. ஒரு கால் தரையை விட்டு எழுவதற்கு முன் இடுப்பு மற்றக் காலின் மேல் வந்திருக்க வேண்டும். 151ஆம் ஃபிரேமில் அந்தத் தோரணையை வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு இடம் விட, நடை முழுவதும் நான்கு ஃபிரேம் தள்ளிப்போகிறது.